தூசி போகும் வழி

சிங்கப்பூரில் ஆலைத் தூசியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது துவாஸ் அவென்யூ 11-இல்தான் போய் நிற்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று காலை, அங்கே தீத்தடுப்பு உறை செய்யும் பட்டறையில் கலவை இயந்திரத்தின் எண்ணெய் உறை வெடித்தது. அந்த வேகத்தில் கிளம்பிய உருளைக்கிழங்கு மாவு காற்றிலேயே பற்றிக்கொண்டது. இறந்தவர்கள் மூவர். ஒருவர் 38 வயது இந்தியர். மற்ற இருவரும் 29, 23 வயது பங்களாதேஷ்காரர்கள். ஏழு பேருக்குக் காயம். சூப்பைக் கெட்டியாக்கப் போடுகிற மாவு ஆளைக் கொல்லும் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. செப்டம்பரில் விசாரணைக் குழு பொதுவிசாரணை தொடங்கியபோது நாளிதழ்களில் நாள்தோறும் அதுவே செய்தி.

அந்தச் செய்தியைப் பற்றி லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிறு மாலை பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு தொழிலாளியை அறிமுகப்படுத்தினார். மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊர். சுங்கை காடுட்டில் அறைகலன் பட்டறையில் வேலை. மரம் அறுப்பது, இழைப்பது போக, தூசி உறிஞ்சும் இயந்திரமும் அவர் பொறுப்பு. “வாயால சொன்னா புரியாதுண்ணே, ஒருநாள் வந்து பாருங்க” என்றார்.

போனேன். அவர் பரம்பரைத் தச்சர். ஊரில் அப்பாவோடு இழைப்புளி பிடித்தவர். இழைப்புளியில் வருவது சுருள். காலடியில் விழும், கூட்டி அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். இங்கே எம்டிஎஃப் பலகையை சாண்டர் மெஷினில் தேய்த்தால் வருவது மாவு. அது கீழே விழாது, காற்றில் நிற்கும். “அப்பா எழுபது வயசு வரைக்கும் தும்மினதில்ல. எனக்கு வந்த முதல் வருஷமே சளி பிடிச்சிருச்சு” என்றார். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்று அது.

அவர் காட்டிய முதல் விஷயம் ஒரு கைப்பிடித் தூள். உறிஞ்சு குழாயின் வாய் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். வாயை ஒட்டித் தூவினார், பாய்ந்து உள்ளே போனது. ஒரு சாண் தள்ளித் தூவினார். பாதிக்கு மேல் என் சட்டையில் படிந்தது. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது காற்றோட்டப் பொறியியலின் பழைய பாடம். மோட்டாரை இரட்டிப்பாக்கினாலும் அந்த இடைவெளியை வெல்ல முடியாது. தூசி பிறக்கும் இடத்துக்கே வாயைக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கரடான தூளுக்கு சைக்ளோன் போதும். காற்றைச் சுழற்றி, கனமானதைக் கீழே தள்ளிவிடும். மாவுபோன்ற தூசி அதில் தப்பிவிடும், அதற்குத் துணிப்பை வடிகட்டி வேண்டும். குழாயில் மரத்தூள் படியாமல் ஓட விநாடிக்கு 20 மீட்டர் அளவு வேகம் தேவை. பட்டறைகளில் நடப்பதோ வேறு. நான்கு மெஷினுக்குப் போட்ட குழாயில் ஐந்தாவதையும் ஆறாவதையும் ஒட்டுவார்கள். எல்லா வாயிலும் இழுவை குறைந்து, தூள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தால் பையில் தூசி அப்பிக்கொண்டு உதிர மறுக்கும். பையை உதறும் அழுத்தக் காற்றையும் ஈரம் நீக்கித்தான் விட வேண்டும். மோட்டார் கணக்கு, துணியின் பரப்பளவுக் கணக்கையெல்லாம் பொறியாளரிடமே விடுகிறேன்.

தூசியைப் பிடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பவர்கள் குன்ஷானைப் பார்க்க வேண்டும். சீனாவின் அந்த நகரில் கார் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில், 2014 ஆகஸ்ட் 2 அன்று, சரிவரச் சுத்தம் செய்யாத தூசி சேகரிப்பானுக்குள் ஈரம்பட்ட அலுமினியத் தூள் சூடேறியது. முதல் வெடிப்பே சேகரிப்பானுக்குள்தான். 75 பேர் என்று தொடங்கிய சாவுக் கணக்கு 146-இல் போய் முடிந்தது. ஆகவே என்ன தூசி, எவ்வளவு எளிதில் எரியும் என்று சோதித்துவிட்டே வாங்க வேண்டும். எரியும் தூசி என்றால் சேகரிப்பான் பெட்டியைக் கட்டடத்துக்கு வெளியே வைத்து, வெடித்தால் அழுத்தம் ஆளில்லாத பக்கம் போகும்படி வெடிப்புக் கதவு வைக்க வேண்டும். தீ குழாய் வழியே திரும்பி வராமல் தடுப்பு வால்வும், மின்பொறி எழாமல் எர்த்தும் வேண்டும். இதற்கான நடைமுறையைச் சொல்லும் எஸ்எஸ் 667 என்ற சிங்கப்பூர்த் தரநிலை, துவாஸ் வெடிப்புக்கு முந்தைய ஆண்டே, 2020-இல், வந்துவிட்டது.

பிறகு ஏன் இதெல்லாம் நடப்பதில்லை? கருவி விற்க வருபவர் தூசியைக் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனை குதிரைத்திறன், இத்தனை வெள்ளி என்று தாளை நீட்டுகிறார். முதலாளி கடைசி எண்ணைப் பார்க்கிறார். தூசியை உண்மையில் அறிந்தவன் ஓரமாக நிற்கிறான். அவன் பேசுவதில்லை, பேச முடியாது; வேலைக்கு வர வாங்கிய கடன் கழுத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் முகவர் ஊழியரிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. ஊரில் இருக்கும் ஏஜெண்டுக்கு அந்தச் சட்டம் எட்டாது. நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று வந்தவன், கடன் அடையும்வரை வாய் திறப்பானா? “தூசி அதிகமா இருக்கு பாஸ்” என்று சொல்ல அவனுக்கு இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் எத்தனை கிலோ தூசியை விழுங்கியிருப்பான்! ஏஜெண்ட் வாங்கிய பணத்துக்கு வட்டி ஊழியனின் நுரையீரலில்தான் கட்டப்படுகிறது. இதைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடத்தியோ சுவரொட்டி ஒட்டியோ தீர்க்க முடியாது.

பை மாற்றும் நாளில் அவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பெட்டியின் கதவு தலைக்கு மேலே. ஏணியில் நின்று, ஒரு கையால் கம்பிக்கூண்டைப் பிடித்து, மறு கையால் பையை உருவ வேண்டும். முகமூடி இருந்தும் புருவம் வெளுத்துவிட்டது. அடியில் தூள் விழும் டிரம்மை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், இடமோ ஒருவர் நிற்கத்தான் இருக்கிறது. கதவைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து, டிரம்முக்குச் சக்கரம் போட்டிருந்தால் அரைமணி நேர வேலை என்கிறார். இப்போது பாதி நாள் போகிறது. அதனால் பை மாற்றுவது தள்ளிப்போகிறது, தள்ளிப்போவதால் இழுவை குறைகிறது. அடுத்த ஆண்டு புது இயந்திரம் வாங்கும் பேச்சு இருக்கிறதாம். கதவின் உயரத்தையும் டிரம்மின் அளவையும் ஒரு அட்டையில் வரைந்து சூப்பர்வைசரிடம் கொடுத்திருக்கிறார்.