குழிகளை எண்ணியவர்

ஆடுகோடியில், ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கல்பட்டறை. கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுவதுதான் அங்கே வேலை. கல்லை அறுக்கவும் மெருகேற்றவும் மெஷின் வந்துவிட்டது. எழுத்தை மட்டும் பெரியவர் இன்னும் உளியால்தான் இறக்குகிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இளவட்டத்தில் குவாரியில் கல் பிளந்தவர். "நாப்பது வருசமா பெங்களூர்ல இருக்கேன். கோட்டைய பஸ்ஸுல இருந்து பாத்ததோட சரி" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் லால்பாக்கில் இறங்கினோம். அங்கிருக்கும் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது என்றேன். "வயசு கெடக்கட்டும் தம்பி, வரி ஓடுது பாருங்க. வரியோட போனா கல்லு வழிவிடும். குறுக்க போனா உளிதான் மழுங்கும்."

கே.ஆர். மார்க்கெட் நெரிசலுக்குள் கோட்டையில் மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதை ஒட்டிய மதிலும்தான். 1537-இல் கெம்பே கவுடா மண்ணால் எழுப்பியதை, 1761-இல் ஹைதர் அலி கல்கோட்டையாக்கினார். 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மதிலை உடைத்து நுழைந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பெரியவர் அதைப் படிக்கவில்லை. எழுத்தின் ஆழத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நின்றது வேறொரு கல்லின் முன்னால். அதன் விளிம்பில் பல் வரிசைபோலச் சின்னச் சின்னக் குழிகள். "ஆப்புக் குழி" என்றார். உளியால் வரிசையாகக் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல் பிளந்ததும் குழியில் பாதி இந்தத் துண்டில், பாதி அந்தத் துண்டில். "ஒரே ஆப்பப் போட்டு அடிச்சா கல்லு கோணலாப் போயிடும். ஆளுக்கொரு தட்டுன்னு வரிசையா வரணும். சத்தம் மாறும். மாறினதும் கைய நிறுத்திக் காத்திருக்கணும்."

எனக்கு வேல்ஸ் நாட்டு பியூமரிஸ் கோட்டை நினைவுக்கு வந்தது. அதைக் கட்டிய ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் 1296-இல் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது: 400 கொத்தர்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்பவர்கள் தேவை, கூலி ஏகப்பட்ட பாக்கி. சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். "அப்பவே பாக்கியா?"

"இந்தக் கோட்டைக்கு எத்தனை பேர் உழைச்சிருப்பாங்க, ஐயா?"

பதில் சொல்லாமல் குழிகளை விரல்விட்டு எண்ணினார். "பதினொண்ணு. குழி ஒண்ணுக்கு வெத்தல போட்டுத் துப்புற நேரம். இந்த ஒரு கல்லப் பிளக்க ஒருத்தனுக்கு அரை நாள் போயிருக்கும்."

நிமிர்ந்து மதிலை உச்சிவரை பார்த்தார். பிறகு அடுத்த கல்லுக்கு நகர்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.