இன்று மாலைதீவில் விடுமுறை



இன்று நவம்பர் 3. மாலைதீவில் பொது விடுமுறை. வெற்றி நாள் என்பார்கள். அங்கே ஒரு சின்னத் தீவில் 2013 முதல் நான்கு வருடம் கணிதம் படிப்பித்தேன். இந்தத் திகதி வந்தால் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி ஞாபகம் வரும். இந்த முறை எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

போன புதிதில் எனக்கு அது வெளிநாடாகவே தெரியவில்லை. ஐந்து நேரமும் பாங்குச் சத்தம். வெள்ளியும் சனியும் லீவு. நம் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசி அவர்களுடைய சாமான்தான். அங்கே காலைச் சாப்பாடே மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்த மஸ்ஹுனியும் ரொட்டியும். நோன்பு தொடங்க முதல் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். பெருநாளன்று பொடுபெரு மேளம் அடித்து, வர்ணத் தண்ணீர் ஊற்றி விளையாடியதைப் பார்த்துத்தான் கொஞ்சம் திகைத்தேன். மற்றப்படி "நம்மட ஊர் மாதிரித்தான் உம்மா" என்று போனில் சொன்னேன்.

பிறகு நவம்பர் வந்தது.

விடுமுறைக்கு முதல் நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் திவேஹியில் பேசினார். ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: லங்கா. பக்கத்தில் நின்ற ஆசிரியர் மெதுவாக விளக்கினார். 1988 நவம்பர் 3 விடியற்காலை, இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்த சுமார் 80 ஆயுததாரிகள் மாலே நகரத்தைத் தாக்கினார்கள். ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் திட்டம். அன்றிரவே இந்திய இராணுவம் வந்து இறங்கியதால் அது தோல்வியடைந்தது. 19 பேர் மௌத்தானார்கள். வந்தவர்கள் புளொட் இயக்கத்தினர்.

அன்று தரம் 7 வகுப்பில் ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"ஸேர், அந்த ஆட்கள் பேசிய பாஷைதானா நீங்களும் போனில் பேசுவது?"

அவன் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் என் நாக்கு நுனிக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "நான் முஸ்லிம். அவங்க தமிழர்கள். எங்களையும் விரட்டியது அவங்கதான்."

எனக்கு 7 வயதாக இருக்கும்போது, 1990 ஒக்டோபர் கடைசியில், எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. வாப்பா கடைச் சாவியைக் கடைசிவரை இடுப்பிலேயே வைத்திருந்தார். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. ஆனால் எங்களை விரட்டியது புலிகள். மாலேக்குப் போனது புளொட். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான இயக்கங்கள். இது தெரிந்திருந்தும் ஒரு நிமிடத்தில் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டப் பார்த்தேன்.

"ஓம், அந்தப் பாஷைதான்" என்று மட்டும் சொன்னேன். "ஓகே ஸேர்" என்று அவன் கணக்கைச் செய்யத் தொடங்கிவிட்டான்.

அன்று இரவு வீட்டுக்காரர் தட்டில் பலகாரம் கொண்டுவந்து தந்தார். அவருடைய மூத்த சகோதரர் அன்றைக்கு மாலேயில் இருந்தவராம், வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் கிடந்தாராம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "அவர்களைக் கூப்பிட்டு வந்தது எங்கள் ஆள்தான், ஸேர். ஒரு மாலைதீவு வியாபாரி. அவன் கூப்பிடாவிட்டால் அவர்கள் ஏன் வருகிறார்கள்?"

பாதிக்கப்பட்ட நாட்டுக்காரர் தன் பக்கத்துப் பிழையையும் சேர்த்தே சொன்னார். வந்தவர்களின் பாஷை பேசுகிற எனக்குச் சாப்பாடும் தந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு 2019 ஏப்ரல் வந்தது. பஸ்ஸில் என் தாடியைப் பார்த்து ஒரு அம்மா எழும்பிப் போய் வேறு சீட்டில் இருந்தார். சிலர் செய்த பாவத்துக்கு நாம் எல்லோரும் பதில் சொல்லித் திரிந்தோம். அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்தது அந்த வீட்டுக்காரரைத்தான்.

போன வாரம் நம் வெளியேற்ற நினைவு நாளுக்கு நம்மவர்கள் போட்ட பதிவுகளை வாசித்தேன். சிலவற்றில் "தமிழர்கள் விரட்டினார்கள்" என்றே இருந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே எங்கள் சாமான்களை வள்ளத்தடி வரை தூக்கி வந்த பக்கத்து வீட்டு அம்மாவும் தமிழ்தான்.

பிள்ளைகளுக்கு 1990ஐக் கட்டாயம் சொல்லிக் கொடுப்போம், மறக்கவே கூடாது. செய்தது யார் என்பதையும் பெயர் சொல்லியே சொல்வோம். ஒரு சமூகத்தின் பெயரை மட்டும் அந்த இடத்தில் வைக்காமல் இருப்போம். நம் பெயரை அப்படி வைத்தபோது எப்படி வலித்தது என்று நமக்குத் தெரியும்.

மாலேயில் அன்று உயிரிழந்தவர்களின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.