"அங்க போய் யாருடி நக்கிப் பார்த்தா?"

400 ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி உப்பு இருக்கிறது என்று சொன்னதும், அம்மா என்னிடம் கேட்ட கேள்வி அது. டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் என்னிடம் வரும் செய்திகளில் பலவற்றுக்கு இப்படிக் கேட்டால் பதிலே இருக்காது. இதற்கு இருக்கிறது.

அந்த நட்சத்திரத்தின் பெயர் சி.டபிள்யூ. லியோனிஸ். வயதாகி, ஊதிப் பெருத்து, தன்னையே வாயுவாகவும் கரித்தூசியாகவும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தூசியே அதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. 1960-களில் அகச்சிவப்புக் கதிரில் வானத்தைத் துழாவியபோதுதான் அகப்பட்டது.

வாயுவில் உள்ள மூலக்கூறுகள் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால், இஷ்டத்துக்குச் சுழல முடியாது. ஒவ்வொன்றுக்கும் சில குறிப்பிட்ட வேகங்கள்தான். ஒரு படி வேகம் குறையும்போது ரேடியோ அலையை வெளிவிடும். கார்பன் மோனாக்சைடு என்றால் 115 ஜிகாஹெர்ட்ஸ். உப்புக்கு வேறு எண்கள். ஆய்வகத்தில் அளந்து வைத்த எண்களோடு இவற்றை ஒப்பிடுகிறார்கள். ஓர் எண் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். பல எண்கள் பொருந்தினால்தான் நம்புவார்கள். ஸ்பெயின் மலையொன்றில் இருக்கும் 30 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியால் செர்னிச்சாரோவும் கெலானும் 1987-ல் சமையல் உப்பைக் கண்டது இப்படித்தான். இன்று அங்கே தெரிந்த மூலக்கூறுகள் 80-க்கும் மேல்.

எனக்கு உப்பைவிடப் பிடித்தது தண்ணீர்க் கதை. கார்பன் மிகுந்த நட்சத்திரத்தில் ஆக்சிஜன் முழுக்க கார்பனோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்கு மிஞ்சாது என்பதுதான் பாடம். 2001-ல் தண்ணீர் தெரிந்தது. நட்சத்திரத்தைச் சுற்றும் வால்நட்சத்திரங்களின் பனி ஆவியாகியிருக்கும் என்றார்கள். அருமையான தலைப்புச் செய்தி! ஆனால், 2010-ல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி, நட்சத்திரத்துக்கு மிக அருகே சூடான நீராவி இருப்பதைக் காட்டியது. பனிக்கட்டி அங்கே தாங்காது. தூசுப் போர்வையின் இடைவெளிகளில் புற ஊதா ஒளி நுழைந்து, மூலக்கூறுகளை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்கிறது என்று புது விளக்கம் வந்தது. அழகான கதையாயிற்றே என்று பழையதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த நேர்மையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நம் உடலில் இருக்கும் கார்பனில் ஒரு பங்கு, இப்படி முதிர்ந்த நட்சத்திரங்கள் உதறிவிட்டுப் போனதுதான். மார்ச் மாத இரவில் மகம் நட்சத்திரத்தைத் தேடிப் பாருங்கள். அதன் பக்கத்தில், வெறும் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் இடத்தில்தான் இத்தனையும் நடந்துகொண்டிருக்கிறது.