மலைமேல் ஏறிச் சொன்ன சேதி

டிசம்பர் பிறந்தால் ஜவுளிக்கடை ஸ்பீக்கரில்கூட ஆங்கில கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது. அதில் ஒன்று 'கோ டெல் இட் ஆன் த மவுண்டன்'. இயேசு பிறந்த சேதியை மலைமேல் ஏறி அறிவிக்கச் சொல்லும் பாட்டு. கைதட்டத் தோதான மெட்டு என்பதால் எங்கள் கேரல் குழுவிலும் பல வருடமாக இருக்கிறது. அதைச் சும்மா பாடிவிட்டுப் போக இப்போது எங்களால் முடிவதில்லை, தோழர்களே.

இந்தப் பாட்டை உண்டாக்கியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் மரபு அது. அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதையே பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. வாய்தான் ஏடு. அப்படி வந்த பாட்டுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேடிச் சேர்த்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் வெஸ்லி வொர்க். நாஷ்வில் நகரில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். விடுதலையான அடிமைகளுக்காக 1866இல் தொடங்கிய அந்தப் பள்ளி கடனில் தத்தளித்தபோது, 1871இல் மாணவர்கள் ஊர் ஊராகப் பாடிப் பணம் திரட்டித்தான் அதைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதே ஃபிஸ்கில் பிறகு அடிமைக்காலப் பாட்டு என்றாலே முகம் சுளிக்கும் போக்கு வளர்ந்தது. 1923இல் வொர்க் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. ஒரு சபையில் எங்கள் பறையை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கீபோர்டு உள்ளே போகலாம், சாவு மேளம் போகக்கூடாதாம். சொன்னவர்கள் வேறு சாதிக்காரர்களும் இல்லை, எங்கள் தெரு ஆட்கள்தான். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை' அண்ணன், இந்த வெட்கத்தோடுதான் மல்லுக்கட்டினார். நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டை அமைத்தார். பாடுகிற சனங்கள் பாட்டை மாற்றிப் பாடுவதை அவர் குறையாக நினைத்ததில்லை.

மாற்றிப் பாடியவர்களில் எங்களுக்கு முதலில் ஃபேனி லூ ஹேமர்தான். மிசிசிப்பியில் பருத்தி எடுத்த கூலிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதியப் போனார். 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றே விரட்டினார்கள். அடுத்த ஜூனில் வினோனா சிறையில் அடித்த அடியில் சிறுநீரகமே கெட்டுப்போனது. அவர் பாடும்போது இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுக்குள் மோசே நுழைந்துவிடுவார். மலைமேல் சொல்ல வேண்டிய சேதி, பார்வோனிடம் கேட்ட விடுதலையாக மாறிவிடும். 1963இல் பீட்டர், பால் அண்ட் மேரி என்ற வெள்ளையர் குழுவும் அந்த விடுதலைச் சேதியோடுதான் பதிவு செய்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே ஜேம்ஸ் பால்ட்வின் இந்தப் பாட்டின் பெயரையே தன் முதல் நாவலுக்கு வைத்திருந்தார். பிறகு வந்த கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் பல. குரல் இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் பலவற்றில் தோட்டமும் இல்லை, பார்வோனும் இல்லை.

"அமெரிக்கா கதை நமக்கெதற்கு?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். இந்த மரபைச் 'சோகப் பாடல்கள்' என்று எழுதி, 1903இல் வந்த தன் நூலின் அத்தியாயங்களுக்கு அவற்றின் இசைக்குறிப்பைத் தலைப்பில் வைத்தவர் டு பாய்ஸ். ஃபிஸ்கில் படித்தவர். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு 1946இல் அவருக்குக் கடிதம் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர்.

இந்த வருடமும் இரவு ஊர்வலத்தில் இதைப் பாடுகிறோம், பறையோடு. தமிழில் மூன்று சரணம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் பிள்ளைகள். ஒன்று கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சாதிச் சுவரைப் பற்றியது. சபைக் கமிட்டி அதை மட்டும் விட்டுவிடச் சொல்கிறது. 24ஆம் தேதி இரவு முதலில் அதைத்தான் எடுப்பதாக இருக்கிறோம்.