அப்பாவின் காகிதங்களும் ஆறு கத்தரிச் செடிகளும்

அப்பா போய் ஒரு மாசம் கழிச்சு, பரண் மேல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். திறந்தா முழுக்கக் காகிதம்! முப்பது வருஷத்து ஈ.பி. ரசீது, பென்ஷன் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், எப்பவோ வித்துட்ட ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்ட கணக்கு... மனுஷர் எதையுமே தூக்கிப் போட்டதில்லை.

"பழைய பேப்பர் கடையில போட்டுடலாமே" என்று தங்கமணி சொன்னார். எனக்கு மனசு வரலை. ஒருதடவை பீச்சுல சுண்டல் சாப்பிட்டு முடிச்சுப் பார்த்தா, பொட்டலம் யாரோ ஒருத்தரோட சம்பளச் சீட்டு. பேரு, பிடித்தம், கடன் பாக்கி எல்லாம் தேங்காய்த் துருவலுக்கு நடுவுல தெளிவாத் தெரிஞ்சது. அப்பாவோட பான் கார்டு நகல் அப்படிப் போக வேண்டாம்னு தோணிச்சு. போகியில கொளுத்தலாமான்னா, 2018 போகியன்னிக்கு சென்னையில புகைமூட்டத்தால விமானங்களே தடுமாறினது ஞாபகம் வந்தது. அந்தப் பாவத்துல நமக்குப் பங்கு வேண்டாம்.

அப்பத்தான் மாடித்தோட்டம் ஞாபகம் வந்தது. காகிதம்னா மரம்தானே? மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துடுவோம்னு ஒரு ஷ்ரெட்டர் வாங்கினேன். சின்ன மெஷின். ரெண்டு நிமிஷம் ஓடும், அரைமணி நேரம் ஓய்வெடுக்கும். நம்மள மாதிரியேதான் :)

முதல் கட்டம் படுதோல்வி. நறுக்கின காகிதத்தை மூடாக்கு மாதிரி தொட்டி மேல அப்படியே பரப்பி வச்சேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், காகிதம் நிக்குமா? பக்கத்து வீட்டு மாடியில காய்ஞ்ச வடாம் மேல எல்லாம் அப்பாவோட பென்ஷன். ஒண்ணொண்ணாப் பொறுக்கிட்டு வந்தேன். மீதியை மண்ணோடவே கலந்துட்டேன். ரெண்டு வாரத்துல கத்தரி இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. காகிதத்துல கார்பன் ஏராளம், நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் வேணும். காகிதத்துல கிடைக்காததால மண்ணுல செடிக்குன்னு இருந்ததை எடுத்துக்குதுங்க. செடி பட்டினி. ஆக, காகிதத்தை முதல்ல உரத் தொட்டியில போட்டு மக்க வச்சுட்டுத்தான் செடிக்குக் கொடுக்கணும்.

நல்லா மக்கறதுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25லேர்ந்து 30 பங்கு கார்பன் இருக்கணும்பாங்க. காய்கறித் தோல்ல இது 20க்குப் பக்கம், செய்தித்தாள்ல 150க்கும் மேல. வெறும் காய்கறித் தோலைப் போட்டா தண்ணி விட்டு நாறும், வெறும் காகிதம்னா அசையாமக் கிடக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் குடும்பம் நடக்கும். நான் செய்யறது: அடியில ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி. ஒரு பங்கு காய்கறிக் கழிவு, ஒண்ணரைப் பங்கு காகிதம். ஈரம் பிழிஞ்ச துணி அளவுக்கு இருந்தாப் போதும். மேல ஒரு கை பழைய உரம், கொஞ்சம் புளிச்ச மோர். வாரம் ரெண்டு தடவை கிளறி விடணும், இல்லேன்னா காகிதம் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கும். மூணு மாசத்துல கருப்பா, மழை பெஞ்ச மண் வாசனையோட வந்துடும்.

எல்லாக் காகிதமும் ஆகாது. ஏ.டி.எம். சீட்டு, கடை பில்லெல்லாம் வெப்பத்துல அச்சாகிற தாள், அதுல ரசாயனப் பூச்சு உண்டு. நகத்தால வேகமாக் கீறினா கருப்புக் கோடு விழும், அதுதான் அடையாளம். பளபளப்புக் காகிதம், ஜரிகை மின்னும் கல்யாணப் பத்திரிகை, கவர்ல இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல், ஸ்டேப்ளர் பின் எதுவும் வேண்டாம். தரையில தோட்டம் போடறவங்க சுவர் ஓரமாக் காகிதத்தைக் குவிச்சிடாதீங்க, கரையானுக்கு அது விருந்துச் சாப்பாடு.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன். ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடலாம்னு நினைச்ச வேலை, நாலு மாசம் ஆச்சு. மெஷின் ஓய்வெடுக்கிற நேரத்துல அம்மா கத்திரிக்கோலோட உக்காந்துடுவாங்க. ஆனா ஒவ்வொரு தாளையும் திருப்பிப் படிச்சுட்டுத்தான் வெட்டுவாங்க. அப்பா ரசீது பின்னாலதான் பால் கணக்கு எழுதுவார். "இந்த மாசம் பாரு, அஞ்சு நாள் பால் வாங்கலை. நீ அம்மை போட்டுப் படுத்திருந்தே, எல்லாரும் இளநீர்லயே இருந்தோம்"பாங்க. எனக்கோ எரிச்சல். "அம்மா, இப்படிப் படிச்சா எப்ப முடியறது?"ன்னு ஒருநாள் கத்தியே விட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. கத்திரிக்கோலை வச்சுட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க.

ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரலை. மூணாம் நாள் தானா வந்து உக்காந்தாங்க. நான் 'வெட்டலாம்'னு ஒதுக்கின குவியல்லேர்ந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாங்க. அப்பா கடைசியாக் கட்டின வீட்டு வரி ரசீது! வரியை அம்மா பேருக்கு மாத்த நான் வீடு முழுக்கத் தேடிக்கிட்டிருந்த அதே ரசீது. படிக்காமத் தள்ளினது நான்தான். "வெட்டறதுக்கு முன்னாடி படிக்கணும்டா" - அவ்வளவுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் அவசரப்படுத்தலை. பக்கத்துல உக்காந்து கேட்டேன். அம்மை கதையே மூணு தடவை கேட்டாச்சு.

பெட்டி இப்ப காலி. பத்திரம், வரி ரசீது எல்லாம் தனி ஃபைல்ல. அது போக, வெட்டாம அம்மா எடுத்து வச்சது ஒரே ஒரு தாள். அஞ்சு நாள் பால் வாங்காத அந்த மாசத்து ரசீது.

மஞ்சளடிச்ச ஆறு கத்தரியில நாலு பிழைச்சுது. போன வாரம் முதல் காய் பறிச்சோம். அம்மா எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ணினாங்க. "உங்கப்பாவுக்குக் கத்தரிக்காயே பிடிக்காது"ன்னாங்க, பரிமாறிக்கிட்டே.