பதினெட்டுப் பல்

நண்பருக்குத் திண்டிவனத்தில் வேலை. வாராவாரம் ஜி.எஸ்.டி. சாலையில் 1994 மாடல் புல்லட்டில் போய்வருகிறார். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டார். நானும் கூடப் போனேன். 1955-ல் மதராஸில் புல்லட் உருவாகத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை அமைந்த திருவொற்றியூரில் இன்றும் அந்த வார்ப்பிரும்பு இன்ஜினைக் காதால் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. "எத்தனையில போவீங்க? ஆளு ஏத்துவீங்களா?" என்றார். அறுபது அறுபத்தைந்து, தனியாகத்தான் என்றார் நண்பர். "அப்போ பதினெட்டுப் பல்லு போட்ரலாம்."

350 சி.சி. புல்லட்டின் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதினாறு பல். அதைப் பதினெட்டாக்கினால், 3,000 சுற்றில் ஓடிய வேகத்துக்குச் சுமார் 2,670 சுற்றே போதும். இன்ஜினுக்குள் உராய்வு குறையும். த்ராட்டிலும் கொஞ்சம் அகலத் திறந்தே இருப்பதால் காற்றை உறிஞ்ச இன்ஜின் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கிளட்ச்சைக் கழற்றினால்தான் அந்த ஸ்ப்ராக்கெட்டைத் தொட முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்தை டீக்கடையில் கழித்தேன்.

திரும்பி வந்தபோது பாய் கையில் அட்வான்ஸ் யூனிட் இருந்தது. இரண்டு சின்ன எடைகள், அவற்றை இழுத்துப்பிடிக்க இரண்டு ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். தீப்பொறி விழுந்ததும் பெட்ரோல் முழுக்க எரிந்துவிடாது, சற்று நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி விழ வேண்டும். சுற்று கூடக் கூட இன்னும் முந்தி விழ வேண்டும். எடைகள் விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன. ஊஞ்சல் தள்ளுகிற மாதிரிதான்: முந்தித் தள்ளினால் கை வலிக்கும், பிந்தினால் தள்ளியதே வீண். பிந்திய பொறியின் சூடு சைலன்சர் வழியே போய்விடும்.

"ஸ்பிரிங்கு தொஞ்சி போச்சு சார். ஸ்லோவிலயே ஃபுல் அட்வான்ஸ் அடிக்குது. இத மாத்தாம பல்ல மட்டும் மாத்தினா மேட்டுல டக்குடக்குனு இடிக்கும்." பெரிய கியர் இன்ஜினைக் குறைந்த சுற்றில் அதிகச் சுமை இழுக்க வைக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங்கின் குற்றம் அப்போதுதான் வெளிப்படும். பல் மாற்றியும் மைலேஜ் ஏறவில்லை என்பவர்களில் பலர் இந்த ஸ்பிரிங்கைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு, பிளக் ஓட்டையில் கோடு கீறிய சைக்கிள் ஸ்போக்கை விட்டு, உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பிஸ்டனை நிறுத்தினார். சாவியைப் போட்டு, பொறியை விழவைக்கும் பாயிண்டின் தட்டைத் தலைமுடி அளவு திருப்பினார். பாயிண்ட் திறந்த கணத்தில் ஹெட்லைட் மேலிருந்த அம்மீட்டர் முள் நடுவுக்குத் துள்ளியது. டைமிங் லைட் எதுவும் அந்தக் கடையில் இல்லை.

அதற்கு முன், புது பாயிண்ட் செட்டைப் போடும்போதே பாய்க்குக் கோபம் வந்திருந்தது. அசல் அட்டைப்பெட்டிக்குள் போலிச் சரக்கு. சீக்கிரமே தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங் பிந்தும். வாடிக்கையாளர் திட்டுவது மெக்கானிக்கை. விற்றவன் கமிஷன் எண்ணிக்கொண்டிருப்பான். இதில் பாய் பக்கம்தான் நான். ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலையின் கூலியில் பேரம் பேசுகிறவர்கள், பெட்டியில் அச்சடித்த விலையைக் கேள்வியில்லாமல் கொடுக்கிறார்கள்.

லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நண்பர் கேட்டார். பாய் கையைத் துடைத்தபடி, "அறுபதுல போனா நான் பொறுப்பு. தொண்ணூறுல போனா காத்து தின்னுரும், எங்கிட்ட வராத" என்றார்.