லாஸ்கர் தடுப்பும் போடி ரயிலும்

2010 மே 11, சோஃபியா. உலக செஸ் பட்டத்துக்கான 12-வது, கடைசி ஆட்டம். ஐந்தரைக்கு ஐந்தரை என்று சமநிலை. எதிரில் டோபலோவ், ஆடுவது அவருடைய சொந்த நாட்டில். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து நாற்பது மணி நேரம் காரில் வந்துசேர்ந்திருந்த ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். அவர் கையிலெடுத்தது லாஸ்கர் தடுப்பு.

அது என் சித்தப்பாவின் ஆட்டம். ஏழாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை நடுவே இ4-க்குத் தாவும். பிஷப்புகள் வெட்டுப்படும், குதிரைகளும் போகும், கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். "டேய் தம்பி, மொதல்ல உன் வீட்டப் பாரு, அப்புறம் அடுத்தவன் வீட்டுக்குள்ள போ" என்பார்.

போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதினார். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கமிருந்து போடிமெட்டு வளைவுகள் வழியாக மூட்டைகள் இறங்கும். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காயைத் தனியே ஒதுக்குவார்கள். கடை கட்டியதும் மூட்டைமேல் பலகை விரியும். ராஜா, யானை, சிப்பாய் எல்லாவற்றிலும் ஏலக்காய் மணக்கும். அந்த மணத்தோடுதான் நான் செஸ் கற்றேன்.

சோஃபியா ஆட்டத்தை மறுநாள் பேப்பர் பார்த்து இருவரும் ஆடினோம். 31-வது நகர்த்தலில் ஆனந்த் சிப்பாயை இ4-க்குத் தள்ள, டோபலோவ் அதை வெட்டினார். "வெட்டிருக்கக் கூடாதுடா!" சித்தப்பா குரல் கடைக்கு வெளியே கேட்டது. வெள்ளை ராஜா வெட்டவெளிக்கு வந்துவிட்டது. 56-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, பட்டம் ஆனந்திடமே நின்றது.

அந்த வருஷக் கடைசியில் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். மதுரையில் டோர்னமென்ட் என்றால் சித்தப்பா அதில்தான் என்னைக் கூட்டிப்போவார், பலகையை மடியில் வைத்துக்கொண்டு. தேனி தாண்டுவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்திருக்கும். அகலப் பாதையில் ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில். அதைப் பார்க்க அவர் இல்லை. கடையும் இல்லை. ஏலக்காயை ஏலம் விடுவதுகூட இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான்.

லாஸ்கர் தடுப்பு மந்தமானது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 12-வது ஆட்டத்தைத் திரையில் பார்க்காதீர்கள், பலகையில் காய்களை வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள்.